ரிமோட் ஐந்து, பொத்தான் ஒன்று

ஏதாவது ஒரு கூட்ட அறைக்குள் நுழைந்து மேஜையைப் பாருங்கள். ரிமோட்டுகள் வரிசையாகக் கிடக்கும். ஒன்று புரொஜெக்டருக்கு, ஒன்று திரையை இறக்க, ஒன்று ஆம்ப்ளிஃபயருக்கு, ஒன்று ஏசிக்கு. ஐந்தாவது எதற்கு என்று யாருக்கும் தெரியாது; தூக்கிப் போடவும் யாருக்கும் தைரியம் வராது. அதில் ஒன்றின் முதுகில் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும்: "முதலில் இதை அழுத்தவும். பிறகு ஒரு நிமிடம் பொறுக்கவும்." பேச வந்தவர் அழுத்துவார், பொறுக்கமாட்டார், மறுபடி அழுத்துவார். திரையில் வெறும் நீலம் தெரியும். அப்புறம் யாராவது ஓடிப்போய் 'அவரை'க் கூட்டிவருவார்கள். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

இதே அறையின் சுவரில் ஒரு சின்னத் தொடுதிரை, அதில் "தொடங்கு" என்று ஒரே பொத்தான் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தியதும் திரை இறங்குகிறது, விளக்கு மங்குகிறது, புரொஜெக்டர் விழிக்கிறது, மடிக்கணினியின் படம் திரைக்குப் போகிறது, ஒலி கேட்கக்கூடிய அளவில் வந்து நிற்கிறது. பார்ப்பவருக்கு இது ஒரு வேலை. உள்ளே ஐந்தாறு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி செய்தது, ஒவ்வொன்றும் ஒரு மொழி பேசுவது. இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து, அதனதன் மொழியில் பேசி வேலை வாங்குகிற பெட்டிக்குத்தான் கண்ட்ரோல் சிஸ்டம் என்று பெயர். வேறுவேறு கம்பெனிச் சாமான்கள் சேர்ந்து வேலை செய்யும் தன்மையை இன்டர்ஆபரபிலிட்டி என்பார்கள். தமிழில் 'இடைஇயங்குதன்மை' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டுமே நாக்கைச் சுளுக்குகின்றன. நான் 'ஒத்துப்போதல்' என்றே எழுதப்போகிறேன்.

ஒத்துப்போதல் என்றதும் பலரும் கேபிளைத்தான் நினைக்கிறார்கள். செருகி பொருந்தினால் சரி, இல்லாவிட்டால் ஒரு அடாப்டர். உண்மையில் செருகி பொருந்துவது இந்த விஷயத்தில் மிகச் சின்னப் பகுதி. கம்பி பொருந்தினாலும் எழுத்து புரியவேண்டும். எழுத்து புரிந்தாலும், சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே பொருள் இருக்கவேண்டும். பொருளும் ஒன்றாகிவிட்டால் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி: சொன்னது நடந்ததா? ஒலி-ஒளித் துறையில், அதாவது ஏவி துறையில், தினமும் தலைவலி தருவது இந்தக் கடைசிக் கேள்விதான். மீதி எல்லாவற்றையும் அதை நோக்கியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வாய் உண்டு, காது இல்லை

ரிமோட்டிலிருந்தே ஆரம்பிப்போம். அதன் முனையில் இருக்கும் சின்ன எல்ஈடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. ஃபோன் கேமராவை எதிரில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் பல கேமராக்களில் அது ஊதாவாக மினுக்குவது தெரியும். பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பார்க்க நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். அந்த ஒளி பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. வெயில், அறை விளக்கு என்று எங்கும் பரவிக் கிடக்கும் ஒளியிலிருந்து தன் ரிமோட்டின் ஒளியைக் கருவி பிரித்து அறியத்தான் இந்தத் துடிப்பு. அதன்மேல், இருளும் ஒளியுமாக எண்களை ஏற்றி அனுப்புகிறார்கள்.

பரவலாகப் புழங்கும் என்இசி முறையில் ஒரு அழுத்தலுக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்று 32 இலக்கம். எந்தக் கருவிக்கு என்பது 8 பிட், அதைத் தலைகீழாக்கி (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி) இன்னொரு 8, என்ன கட்டளை என்பது 8, அதைத் தலைகீழாக்கி மறுபடி 8. எதற்கு இந்தத் தலைகீழ் நகல்? வழியில் ஏதாவது சிதைந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. கருவி அந்தக் கட்டளையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அரைகுறையாகக் கேட்டு எதையாவது செய்து வைப்பதைவிட அது மேல்.

ஆனால் ரிமோட்டுக்கு வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. வீட்டில் அதனால் தொல்லை இல்லை. டிவி எரிகிறதா என்று நாமே பார்க்கிறோமே, நம் கண்தான் அங்கே பதில். மனிதக் கண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கண்ட்ரோல் சிஸ்டத்தை வைத்தால் கதை மாறுகிறது.

ஆரம்ப காலத்தில் நான் ஒரு அரங்கில் செய்துவைத்த கூத்து இது. பெரிய டிஸ்ப்ளே ஒன்றை அகச்சிவப்பு வழியாகக் கண்ட்ரோல் சிஸ்டத்தோடு சேர்த்திருந்தேன். ரிமோட்டின் பவர் பொத்தான் அனுப்பும் குறியீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, "தொடங்கு" அழுத்தினாலும் "முடி" அழுத்தினாலும் அதையே அனுப்பும்படி எழுதினேன். சோதித்தபோது பிரமாதமாக வேலை செய்தது. ஒரு மாலை, கூட்டம் முடிந்ததும் பொறுப்பான ஒருவர் டிஸ்ப்ளேயைக் கையாலேயே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் வந்த இன்னொரு பொறுப்பானவர் "முடி" அழுத்தி, விளக்குகள் அணைவதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறார். விளக்குகள் அணைந்தன, டிஸ்ப்ளே எரிய ஆரம்பித்தது. ஆளில்லாத இருட்டு அரங்கில் விடிய விடிய "சிக்னல் இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலிருந்து எல்லாம் தலைகீழ். தொடங்கு என்றால் அணைகிறது, முடி என்றால் எரிகிறது.

அந்தப் பவர் குறியீட்டுக்கு 'எரி' என்று பொருள் கிடையாது. 'இப்போது எப்படி இருக்கிறாயோ அதற்கு எதிராக மாறு' என்பதுதான் பொருள். இதை டாகிள் என்பார்கள். எரிவதற்குத் தனிக் குறியீடு, அணைவதற்குத் தனிக் குறியீடு இருந்தால் அவை டிஸ்க்ரீட். அணைந்திருக்கும் கருவிக்கு 'அணை' என்று நூறு தடவை சொன்னாலும் அது அணைந்தே இருக்கும். பல கருவிகளில் இந்தத் தனிக் குறியீடுகள் உள்ளே இருக்கும், ரிமோட்டில் மட்டும் பொத்தான் இருக்காது. தயாரிப்பாளரின் ஆவணத்தைத் தேடி எடுக்கவேண்டும். அதுவும் இல்லையென்றால், டிஸ்ப்ளேக்குப் போகும் மின்கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தை உணரும் ஒரு சென்சாரை மாட்டிவிடுவார்கள். மின்சாரம் இழுத்தால் எரிகிறது, இழுக்காவிட்டால் இல்லை. நான் கடைசியில் அதைத்தான் செய்தேன்.

பதில் சொல்லும் கம்பி

காது உள்ள இணைப்புகளில் மூத்தது ஆர்எஸ்-232. 1960-ல் டெலிபிரிண்டர், மோடம் காலத்தில் வந்த தரம். வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து அந்த ஒன்பது ஊசி இணைப்பான் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஏவி பெட்டிகளின் முதுகில் இன்னும் இருக்கிறது. ஒன்பதில் மூன்று ஊசி போதும்: பேச ஒன்று, கேட்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவான தரை ஒன்று. ஒருவருடைய வாய் மற்றவருடைய காதுக்குப் போகவேண்டும் என்பதால் கம்பிகள் குறுக்காகப் போகவேண்டிய இடமும் உண்டு, நேராகப் போகவேண்டிய இடமும் உண்டு. எதில் எது என்று கேபிளைப் பார்த்தால் தெரியாது. வாயை வாயோடு சேர்த்துவிட்டு, "கருவி கெட்டுவிட்டது" என்று அரைநாள் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நானும் உண்டு.

கம்பி சரியாகிவிட்டால் வேகம். நொடிக்கு 9,600 பிட் என்பது அடிக்கடி பார்க்கும் எண். ஒரு பக்கம் 9,600, மறுபக்கம் 19,200 என்றால் எழுத்துகள் குப்பையாக வந்து விழும். வேகமும் பொருந்திவிட்டால் அப்புறம் இலக்கணம். பல கருவிகள் கட்டளையின் முடிவில், தட்டச்சு செய்பவர் என்டர் தட்டுவதுபோல ஒரு குறியை எதிர்பார்க்கும். அந்தக் குறி கண்ணுக்குத் தெரியாது, அதனால் விட்டுப்போகும். விட்டுப்போனால் கருவி, "இன்னும் பேசி முடிக்கவில்லை போலிருக்கிறது" என்று மரியாதையாகக் காத்துக்கொண்டே இருக்கும். திட்டவும் முடியாது.

இதே உரையாடல் இப்போது பெரும்பாலும் நெட்வொர்க் கேபிளுக்கு மாறிவிட்டது. கிட்டேபோய்ப் பார்க்க நல்ல உதாரணம் பிஜேலிங்க். ஜப்பானில் அலுவலக இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனங்களின் சங்கம், புரொஜெக்டர்களுக்காகக் கொண்டுவந்த பொது மொழி இது. பல கம்பெனிகளின் புரொஜெக்டர்கள் இதைப் பேசுகின்றன. நெட்வொர்க்கில் 4352 என்ற போர்ட்டைத் தட்டினால் கதவு திறக்கும்.

கண்ட்ரோல் சிஸ்டம் சொல்கிறது: "பவர் 1." எரியச் சொல்கிறது என்று பொருள். உடனே பதில் வருகிறது: "ஓகே." இந்த "ஓகே"யைக் கேட்டு ஏமாறாதவர் இல்லை. விளக்கு எரிந்துவிட்டது என்று இது சொல்லவில்லை. "நீ சொன்னது புரிந்தது, எடுத்துக்கொண்டேன்" என்று மட்டும் சொல்கிறது. அதனால் சிஸ்டம் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்கவேண்டும்: "பவர்?" பதில்: "3." மூன்று என்றால் சூடேறிக்கொண்டிருக்கிறது. சில நொடி கழித்து மறுபடி, "பவர்?" "3." அதற்கப்புறம் ஒருமுறை, "1." இப்போதுதான் உண்மையிலேயே எரிகிறது. அணைக்கும்போதும் இப்படித்தான், "2" என்றால் ஆறிக்கொண்டிருக்கிறது, "0" என்றால் அணைந்துவிட்டது. ஏற்கமுடியாத நேரத்தில் கட்டளை கொடுத்தால் அதற்கென்றே ஒரு பிழை எண் வரும், "இப்போது முடியாது" என்று.

நான்கு எண்கள்தான். மேஜைமேல் கிடந்த துண்டுச் சீட்டு, "ஒரு நிமிடம் பொறுக்கவும்" என்று மனிதர்களிடம் கெஞ்சியதை இந்த நான்கு எண்களும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன.

நடுவில் உட்காரும் பெட்டி

கண்ட்ரோல் சிஸ்டத்துக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். டிரைவர் என்றோ மாட்யூல் என்றோ சொல்வார்கள். தொடுதிரையில் 'ஒலியைக் கூட்டு' என்று தட்டினால், இந்தக் கம்பெனி ஆம்ப்ளிஃபயருக்கு அது என்ன எழுத்து, அந்தக் கம்பெனிக்கு என்ன எண் என்பது டிரைவரின் கவலை. பொருள் வேறுபாட்டையும் அதுதான் சமாளிக்கவேண்டும். ஒரு கருவியில் ஒலி 0 முதல் 100 வரை. இன்னொன்றில் டெசிபல் கணக்கு, அங்கே 0 என்பதே முழு ஒலி, குறைக்கக் குறைக்க மைனஸில் போகும். இது தெரியாமல் 'ஒலியை 0 ஆக்கு' என்று அனுப்பினால் அமைதிக்குப் பதில் அலறல் வரும். எழுத்து சரி, இலக்கணம் சரி, பொருள்தான் வேறு.

கிரெஸ்ட்ரான், ஏஎம்எக்ஸ், எக்ஸ்ட்ரான், க்யூ-சிஸ் என்று இந்தப் பெட்டிகளைச் செய்பவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் நிரல் எழுத ஒரு மொழி, ஒரு மென்பொருள். க்யூ-சிஸ்ஸில் எழுதுவது லுவா என்ற மொழியில். 1993-ல் பிரேசில் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த சின்ன, அழகான மொழி. எக்ஸ்ட்ரான் பைத்தானையும் ஏற்றுக்கொள்கிறது. ஆக, கருவிகளை ஒத்துப்போகவைக்க வந்த பெட்டிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்கு எழுதிய நிரலை இன்னொன்றில் அப்படியே ஏற்றமுடியாது. துறையில் இருப்பவர்கள் இதைச் சிரிக்காமல் சொல்வார்கள்.

புதிதாக நிரல் எழுத வருபவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரிசையாக நினைக்கிறார்கள்: திரையை இறக்கு, ஐந்து நொடி நில், புரொஜெக்டரை எரி, முப்பது நொடி நில், படத்தை மாற்று. இதை மேக்ரோ என்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் மேக்ரோ போதும். ஆனால் ஒருவர் "முடி" அழுத்திவிட்டு, பத்து நொடியில் ஏதோ ஞாபகம் வந்து மறுபடி "தொடங்கு" அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டர் ஆறிக்கொண்டிருக்கிறது, புதிய கட்டளையை ஏற்காது. மேக்ரோவோ அதைச் சட்டைசெய்யாமல் திரையை இறக்கி, விளக்கை மங்கவைத்து, படத்தை மாற்றிவிட்டு, "தயார்" என்று காட்டும். புரொஜெக்டர் மட்டும் அணைந்தே கிடக்கும். அந்த மனிதர் இருட்டில் நிற்பார்.

நன்றாக எழுதிய நிரல் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்று, மனிதர் விரும்பும் நிலை. இன்னொன்று, கருவி இப்போது இருக்கும் நிலை. விரும்புவது 'எரி', இருப்பது 'ஆறுகிறது' என்றால், தொடுதிரையில் "ஆறிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் எரியும்" என்று காட்டிவிட்டு, "பவர்?" "பவர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். "0" வந்த கணத்தில் எரியச் சொல்லும். யாராவது ரிமோட்டை எடுத்துக் கையால் ஏதாவது செய்தாலும், அடுத்த தடவை கேட்கும்போது தெரிந்துவிடும். வாடிக்கையாளர் கண்ணில் படுவது தொடுதிரையின் நிறமும் வடிவமும்தான். அவர் காசு கொடுக்கும் வேலை என்னவோ இந்தக் கேள்வி பதில்தான்.

படம் ஏன் வரவில்லை

கட்டளை எல்லாம் சரியாகப் போய், புரொஜெக்டரும் எரிந்து, படம் மட்டும் வராமல் நிற்பது தனி வகை. எச்டிஎம்ஐ கேபிளைப் படம் போகும் குழாய் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. 2002 டிசம்பரில் முதல் தரம் வெளியான அந்தக் கேபிளுக்குள், படம் கிளம்பும் முன்னாலேயே ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது.

செருகியதும் டிஸ்ப்ளே தன்னைப் பற்றிய ஒரு குறிப்பை நீட்டுகிறது. ஈடிஐடி என்று பெயர். அடிப்படைக் குறிப்பு 128 பைட்தான். நான் யார், எந்தெந்த அளவுப் படம் காட்டுவேன் என்று அதில் இருக்கும். கூடுதல் பக்கத்தில் என்னென்ன ஒலி வாங்குவேன் என்பதும் வரும். மடிக்கணினி அதைப் படித்துவிட்டு, அதற்கேற்ற படத்தை அனுப்புகிறது. ஒன்றுக்கு ஒன்று என்றால் இது அருமையான ஏற்பாடு. ஒரு மடிக்கணினியின் படத்தை 4கே டிஸ்ப்ளே ஒன்றுக்கும் பழைய 1080பி புரொஜெக்டர் ஒன்றுக்கும் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும்போது சிக்கல். நடுவில் நின்று படத்தைப் பிரித்தனுப்பும் பெட்டியான ஸ்விட்சர் யாருடைய குறிப்பைக் காட்டும்? புதியதன் குறிப்பைக் காட்டினால் பழையதில் கறுப்பு. பழையதைக் காட்டினால் புதியதில் தெளிவு போய்விடும். அனுபவப்பட்டவர்கள் ஸ்விட்சரில் தாங்களே ஒரு குறிப்பை எழுதி நிலையாக வைத்துவிடுவார்கள். அல்லது ஒவ்வொரு வெளிவழியிலும் அளவை மாற்றித்தரும் ஸ்கேலர் வாங்குவார்கள்.

இதற்கு மேல் எச்டிசிபி. படத்தைத் திருடாமல் இருக்கப் பூட்டி அனுப்பும் முறை. வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் தன் சாவியைக் காட்டவேண்டும். 4கே படங்களுக்கு 2.2 என்ற பதிப்பைக் கேட்பார்கள். சங்கிலியில் ஒரு பெட்டி பழைய 1.4 என்றாலும் படம் வராது, அல்லது தரம் இறங்கி வரும். எங்கே மாட்டிக்கொண்டது என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். கறுப்புத் திரைதான் பதில். சொந்தமாகத் தயாரித்த பவர்பாயிண்ட்டைக் காட்டும்போதுகூடச் சில மடிக்கணினிகள் பூட்டைப் போட்டுவிடும் என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

அதே கேபிளில் 13-ஆம் ஊசியில் சிஇசி என்று ஒரு கட்டுப்பாட்டுக் கம்பியும் ஓடுகிறது. பிளேயரில் படத்தைப் போட்டால் டிவி தானாக எரிவது இதனால்தான். வேகம் நொடிக்குச் சுமார் 400 பிட், ஆமை. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு: சாம்சங்கில் எனிநெட்+, சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க். எந்த வசதியைச் சேர்ப்பது என்பதில் தயாரிப்பாளருக்கு நிறைய இடம் விட்டுவிட்டார்கள், அதனால் ஒரு டிவியில் நடப்பது இன்னொன்றில் நடக்காது. வீட்டுக்குப் போதும். பெரிய அறைகளில் நான் முதலில் செய்வது அதை அணைத்துவைப்பது. கண்ட்ரோல் சிஸ்டம் ஒன்று சொல்ல, சிஇசி வேறொன்று சொல்ல, டிஸ்ப்ளே இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் முழிக்கும்.

கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால்

ஒலி, கனத்த செப்புக் கேபிள் கட்டுகளை விட்டு நெட்வொர்க்குக்கு வந்தபோது, ஒத்துப்போதலில் புதிதாக ஒரு அடுக்கு சேர்ந்தது: நேரம்.

மைக்கில் வரும் ஒலியை நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்கி அனுப்புகிறார்கள். அனுப்பும் பெட்டியும் வாங்கும் பெட்டியும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஒன்று இம்மியளவு வேகமாக ஓடினாலும், எண்கள் மிஞ்சும் அல்லது தீர்ந்துபோகும். காதில் 'டிக்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். அதனால் நெட்வொர்க்கில் ஒரு பெட்டி தலைமைக் கடிகாரமாக நிற்க, மற்றவை தங்கள் கடிகாரத்தை அதற்குத் திருத்திக்கொண்டே இருக்கும். இதற்கான ஏற்பாட்டின் பெயர் பிடிபி.

இந்தத் துறையில் அதிகம் பரவியது டான்டே. 2006-ல் தொடங்கிய ஆடினேட் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் தொழில்நுட்பம். நூற்றுக்கணக்கான கம்பெனிகள் காசு கொடுத்துத் தங்கள் கருவிகளில் வைத்திருக்கின்றன. ஆகவே வேறுவேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்கின்றன, ஆனால் மொழிக்குச் சொந்தக்காரர் ஒருவர். ரேவன்னா என்று இன்னொரு முறையும் உண்டு. இப்படித் தனித்தனித் தீவுகளாக இருந்தவற்றுக்குப் பாலமாக 2013-ல் ஏஇஎஸ்67 என்ற பொதுத் தரம் வந்தது.

பாலம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களுக்கு அறையில் வேறு பாடம் காத்திருந்தது. டான்டே தனக்குள் பார்ப்பது பிடிபியின் முதல் பதிப்பு. ஏஇஎஸ்67 கேட்பது இரண்டாவது பதிப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று புரியாது. நடுவில் ஒரு கருவி இரண்டு கடிகாரத்தையும் கட்டிப்போட்டு நிற்கவேண்டும். அப்புறம், 'இந்த நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் என்ன ஒலி கிடைக்கும்' என்று கண்டுபிடிக்கும் முறையை ஏஇஎஸ்67 வரையறுக்கவே இல்லை. ஒலி எப்படிப் போகவேண்டும் என்று சொன்னது; எங்கே இருக்கிறது என்று தேடுவதை அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டது. ஊருக்குப் பாதை போட்டுவிட்டு வழிகாட்டிப் பலகை வைக்காத கதை. ஒளிபரப்புத் துறையில் என்எம்ஓஎஸ் என்ற விதித்தொகுப்பு அந்தப் பலகை வேலையைச் செய்ய வந்தது: தேடுவதற்கு ஒரு பகுதி, இணைப்பதற்கு ஒரு பகுதி.

வென்ற இரண்டு மொழிகள்

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவில், நாற்பது வருடமாகச் சத்தமில்லாமல் வேலை செய்யும் பொது மொழிகளும் இருக்கின்றன. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6 கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள். ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலித்தது. அதுதான் மிடி. இதற்காகப் பாடுபட்ட டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

மிடி ஏன் நின்றது? யாரும் உரிமக் காசு கேட்கவில்லை. சொல்லவேண்டியதும் கொஞ்சம்: எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாகத் தட்டினார், எப்போது விட்டார். பெரும்பாலான எண்கள் 0 முதல் 127-க்குள். கஞ்சத்தனமான மொழிதான்; அந்தக் கஞ்சத்தனம்தான் எல்லோராலும் அதை ஒரே மாதிரி செய்யமுடிந்ததற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2020-ல் மிடி 2.0 வந்தபோது, பழைய ஒருவழிப் பேச்சை விட்டு, கருவிகள் 'நீ என்னென்ன செய்வாய்?' என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள்.

மேடை விளக்குகளுக்கு டிஎம்எக்ஸ்512, 1986-ல் வந்தது. ஒரு கம்பியில் 512 வழிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு எண். இதிலும் பதில் கிடையாது. போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பதும் கிடையாது. ஆனால் அதே எண்களை நொடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பதால், ஒன்று தவறினாலும் அடுத்தது கைகொடுக்கும். மங்குவதற்கும் பிரகாசிப்பதற்கும் இது போதும். தீப்பொறி, வெடி போன்ற ஆபத்தான சாமான்களை இதில் இணைக்கக்கூடாது என்று தரமே எச்சரிப்பதற்கும் காரணம் இதுதான்.

வாங்குவதற்கு முன்

இவ்வளவு தெரிந்த பிறகு, ஒரு கருவியின் விளம்பரத்தாளில் "கண்ட்ரோல் சிஸ்டத்தோடு இணையும்" என்று பார்த்தால் நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள். எதன் வழியாக? ரிலே என்றால், அது ஒரு ஸ்விட்சை மூடித் திறப்பது. திரையை இறக்கப் போதும், பதில் வராது. நெட்வொர்க் என்றால், கட்டளைப் பட்டியல் வெளியாகி இருக்கிறதா, கேட்டால்தான் தருவார்களா? நிலையைக் கேட்டால் சொல்லுமா, தானாகவே மாற்றத்தை அறிவிக்குமா? காத்திருப்பு நிலையில் நெட்வொர்க் விழித்திருக்குமா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று பல டிஸ்ப்ளேக்கள் அணைந்ததும் நெட்வொர்க்கையும் அணைத்துவிடும். அணைக்கமுடியும், எழுப்பமுடியாது. அமைப்புப் பட்டியலின் அடியில் எங்கோ ஒரு மூலையில் அதற்கு ஒரு தேர்வு ஒளிந்திருக்கும்.

பூட்டையும் கவனிக்கவேண்டும். பழைய கருவிகள் பலவும் கடவுச்சொல் கேட்காமலே, டெல்நெட் என்ற பழைய முறையில் 23-ஆம் போர்ட்டில் யார் சொன்னாலும் கேட்கும். ஆர்எஸ்-232 காலத்தில், கம்பியைத் தொட அறைக்குள் வரவேண்டும். அதுவே பூட்டாக இருந்தது. நெட்வொர்க்கில் அந்தச் சுவர் இல்லை. ஏவி கருவிகளைத் தனி விலேனில், அதாவது நெட்வொர்க்கிலேயே பிரித்துவைத்த ஒரு பகுதியில், ஒதுக்கிவைப்பது வழக்கமானது இதனால்தான்.

நிரல் யாருடையது என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல கண்ட்ரோல் சிஸ்டங்களுக்குள் ஓடுவது தொகுக்கப்பட்ட நிரல், இயந்திரத்துக்கு மட்டும் புரிவது. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூல நிரல், எழுதியவரிடம் இருக்கும். அவர் தொடர்பில் இல்லாமல் போனால், ஒரு புரொஜெக்டரை மாற்றுவதற்குக்கூடச் சில சமயம் முழுவதையும் முதலிலிருந்து எழுதவேண்டி வரும். மூல நிரல், கடவுச்சொற்கள், எந்தக் கருவிக்கு எந்த ஐபி முகவரி என்ற பட்டியல் மூன்றும் அறையை ஒப்படைக்கும் நாளில் உங்கள் கைக்கு வரவேண்டும்.

அந்த நாளில் நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் புரொஜெக்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தொடுதிரை முன்னால் வந்து நிற்பேன். அரை நிமிடத்துக்குள் "புரொஜெக்டரோடு தொடர்பு இல்லை" என்று வந்தால் கையெழுத்துப் போடலாம். பத்து நிமிடம் கழித்தும் "தயார்" என்றே பச்சையாக எரிந்துகொண்டிருந்தால், அந்தத் தொடுதிரை எதையும் கேட்கவில்லை, தானாக ஊகித்துக்கொண்டிருக்கிறது.